மடிக்கணினி மிகைவெப்பம்

மடிக்கணினி மிகைவெப்பம் என்பது மடிக்கணினி ஒன்றின் உட்பகுதிகள் தமக்கென வகுக்கப்பட்ட வெப்பநிலை எல்லையை எட்டுவதால் அதன் வேகம் குறைவதையும், இயக்கம் உறைவதையும், தானாகவே அணைந்துவிடுவதையும் குறிக்கும். நிகழ்பட விளையாட்டுகளை ஆடும்போது இச்சிக்கல் மிகுதியாகக் காணப்படுகின்றது. அவ்விளையாட்டுகள் மையச் செயற்பகுதியையும் வரைகலைச் செயற்பகுதியையும் ஒரே நேரத்தில், இடைவெளியின்றி, முழுத்திறனில் இயக்குவதே இதற்குக் காரணம் ஆகும்.

மிகைவெப்பத்தால் கணினி தானாக அணைவது பெரும்பாலும் பழுது அன்று. பழுது நேராமல் காக்கும் ஏற்பாடு ஆகும். எனவே அணைவதைத் தடுப்பதைக் காட்டிலும், வெப்பம் வெளியேறும் பாதையில் எந்த இடத்தில் தடை உள்ளது எனக் கண்டறிவதே முறையான தீர்வாகும். காவிரிப் படுகையில் உள்ள பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் கோடை வெயிலும், கடலோர ஈரப்பதமும், அறுவடைக்காலத் தூசியும் ஒன்று சேர்வதால், நன்கு இயங்கும் மடிக்கணினிகூட சித்திரை, வைகாசி மாதங்களில் இச்சிக்கலுக்கு உள்ளாகலாம்.

## வெப்பம் உண்டாகும் விதம்

கணினிச் சில்லு ஒன்று உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. சில்லில் உள்ள திரிதடையங்கள் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு ஆற்றல் செலவாகின்றது. இவ்வாறு செலவாகும் திறன், கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமையும். எடுத்துக்காட்டாக, வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10% குறைத்தால் இத்திறன் ஏறத்தாழ 19% குறையும்.

இதனுடன் கசிவு மின்னோட்டம் என்னும் மற்றொரு செலவும் உண்டு. இது சில்லு சூடாகும்போது அதிகரிக்கும். சூடு ஏறினால் கசிவு ஏறும். கசிவு ஏறினால் சூடு மேலும் ஏறும். எல்லையை நெருங்கிய கணினி திடீரென நிலைகுலைவதற்கு இச்சுழற்சியும் ஒரு காரணம்.

அலுவலகப் பணிக்கான மெல்லிய மடிக்கணினிகளின் மையச் செயற்பகுதி பொதுவாக 15 வாட் அளவில் இயங்குமாறு வடிவமைக்கப்படுகின்றது. விளையாட்டுக்கான மடிக்கணினிகளில் அது 45 வாட் அளவில் இருக்கும். தனியான வரைகலைச் செயற்பகுதி இருந்தால் அதுவும் பல பத்து வாட் வெப்பத்தைச் சேர்க்கும். மேசைக்கணினியில் இவ்வெப்பத்தை அகற்றப் பெரிய விசிறிகளும் விசாலமான பெட்டியும் உண்டு. மடிக்கணினியிலோ சில சென்டிமீட்டர் தடிப்புள்ள கூட்டுக்குள் இவையனைத்தும் அடங்க வேண்டியுள்ளது.

## குளிர்விப்பு அமைப்பு

மடிக்கணினியில் வெப்பம் பின்வரும் பாதையில் வெளியேறுகின்றது.

1. சில்லு: வெப்பம் பிறக்கும் இடம்.
2. வெப்பப் பசை: சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்புவது. பழுதுபார்க்கும் கடைகளில் இது தெர்மல் பேசுட்டு என வழங்கும்.
3. வெப்பக்குழாய்: தகட்டிலிருந்து கூட்டின் ஓரத்துக்கு வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்.
4. உலோகச் செதில்கள்: குழாயின் முனையில் நெருக்கமாக அடுக்கப்பட்ட மெல்லிய தகடுகள்.
5. விசிறி: அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, செதில்களின் இடையே செலுத்தி, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுவது.

வெப்பக்குழாய் வெறும் செப்புக் கம்பி அன்று. அதன் உள்ளே காற்று நீக்கப்பட்டுச் சிறிதளவு நீர்மம் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர்மம் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று, அங்கே மீண்டும் நீர்மமாகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். ஐக்கிய அமெரிக்காவின் லாசு அலமோசு ஆய்வகத்தில் சியார்ச் குரோவர் 1963 இல் இதனைச் செய்து காட்டினார். விண்வெளிப் பயன்பாட்டை முன்னிட்டு வளர்ந்த இந்நுட்பம் 1990களில் மடிக்கணினிக்குள் நுழைந்தது.

செப்பின் வெப்பங்கடத்து திறன் மீட்டருக்குக் கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட் ஆகும். அசையாத காற்றின் திறனோ 0.026 வாட் அளவே. எனவே பசை உலர்ந்து வெடித்து மயிரிழை அளவு காற்று நுழைந்தாலும் வெப்பம் அங்கேயே தேங்கிவிடும். மேற்கண்ட ஐந்து கட்டங்களில் ஒன்று தடைப்பட்டாலும் மற்ற நான்கும் சரியாக இருந்து பயனில்லை.

## பாதுகாப்புப் பொறிமுறை

தற்காலச் சில்லுகளில் வெப்ப உணரிகள் உள்ளேயே பதிக்கப்பட்டுள்ளன. மடிக்கணினிகளின் மையச் செயற்பகுதிகளில் வெப்பநிலை எல்லை பொதுவாக 95 முதல் 105 °செ வரை அமைகின்றது. பாதுகாப்பு இரண்டு படிகளில் செயற்படுகின்றது.

* வேகக் குறைப்பு: எல்லையை எட்டியதும் சில்லு தன் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு தடுக்கித் தடுக்கி ஓடுவதுபோல் தோன்றும்.
* வெப்ப நிறுத்தம்: வேகத்தைக் குறைத்தும் சூடு தணியாவிடில், முன்னறிவிப்பின்றி மின்சாரம் துண்டிக்கப்படும். சேமிக்கப்படாத பணிகள் இழக்கப்படும்.

இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயற்பகுதி 2000 ஆம் ஆண்டில் தானியங்கி வேகக் குறைப்புடன் வெளிவந்தது. 2001 இல் டாம்சு ஆர்டுவேர் என்னும் கணினி இதழ் ஒரு சோதனையை நிகழ்த்தியது. குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் மேசைக்கணினிகளின் வெப்ப உறிஞ்சி அகற்றப்பட்டது. பென்டியம் 4 வேகம் குறைந்து தொடர்ந்து இயங்கியது. பென்டியம் 3 உறைந்து நின்றது. அக்காலத்து ஏஎம்டி அத்லான் சில்லுகள் எரிந்து போயின. பின்னர் வந்த செயற்பகுதிகள் அனைத்திலும் இத்தகைய பாதுகாப்பு வழமையாயிற்று.

## சுற்றுப்புற வெப்பநிலையின் பங்கு

விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சில்லை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. சில்லின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலையுடன் ஒரு நிலையான வேறுபாட்டைக் கூட்டியதற்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். அவ்வேறுபாடு, சில்லு வெளியிடும் வெப்பத்தையும் குளிர்விப்புப் பாதையின் தடையையும் பொறுத்தது.

ஒரு மடிக்கணினியின் சில்லு விளையாட்டின்போது அறையைவிட 60 °செ மிகுதியாகச் சூடாகின்றது எனக் கொள்வோம். அதன் எல்லை 100 °செ என்க. தூசியாலும் பழைய பசையாலும் பாதையின் தடை 10% கூடினால் அவ்வேறுபாடு 66 °செ ஆகும். இக்கணக்கின் விளைவு வருமாறு.

| அறை வெப்பநிலை | தூய்மையான கணினியில் சில்லு | தூசி அடைந்த கணினியில் சில்லு |
|---|---|---|
| 25 °செ | 85 °செ | 91 °செ |
| 30 °செ | 90 °செ | 96 °செ |
| 35 °செ | 95 °செ | 101 °செ |
| 38 °செ | 98 °செ | 104 °செ |

நடைமுறையில் சில்லு 100 °செ இல் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், அட்டவணையில் அதற்கு மேற்பட்ட எண்கள் வேகக் குறைப்பையோ நிறுத்தத்தையோ குறிக்கும். தூசி அடைந்த கணினி மார்கழியில் ஒழுங்காக ஓடிச் சித்திரையில் மட்டும் அணைந்து போவதன் காரணத்தை இக்கணக்கு விளக்குகின்றது. கோடையில் திடீரெனப் பழுது தோன்றுவதில்லை. முன்பே இருந்த குறையை மறைத்துவந்த இடைவெளி கோடையில் தீர்ந்துவிடுகின்றது.

### காவிரிப் படுகையில்

மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் பலர், தம் கணினிகளை 35 °செ வரையான சுற்றுப்புற வெப்பநிலையில் இயக்கலாம் எனக் கையேடுகளில் குறிப்பிடுகின்றனர். தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள பட்டுக்கோட்டையில், மே மாதம் ஏறத்தாழ 4 ஆம் நாள் தொடங்கும் கத்திரி வெயில் காலத்தில், பகல் வெப்பநிலை இவ்வெல்லையை எளிதில் கடக்கின்றது. கற்காரைக் கூரையுள்ள மாடி அறைகளில், பகலில் கூரை ஏற்ற வெப்பம் இரவு வரை இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மாலையில் வெளியே கடற்காற்று வீசினும் அறையின் உள்ளே வெப்பம் தணியாதிருக்கும். கீற்று வேய்ந்த கூரையின்கீழ் அறை இதைவிடத் தணிவாக இருக்கும்.

கூரை விசிறி மனிதரின் வியர்வையை உலர்த்துவதால் குளிர்ச்சி தருகின்றது. அது அறைக் காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. வியர்வை இல்லாத கணினிக்கு அதனால் பெரும் பயன் இல்லை. நீராவிக் குளிர்விப்பான்கள், அதாவது ஏர் கூலர்கள், உலர்ந்த காற்றிலேயே நன்கு வேலை செய்யும். பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் கடற்கரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளதால் இப்பகுதிக் காற்றில் ஈரம் மிகுதி. இங்கு அவை வெப்பத்தைச் சிறிதளவே குறைக்கும். காற்றின் ஈரத்தையோ மேலும் கூட்டும்.

இப்பகுதியில் விசிறியை அடைக்கும் பொருட்களும் தனித்தன்மை உடையவை. கல்லணைக் கால்வாயின் பாசனம் பெறும் வயல்களில் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் நெற்பதரும் வைக்கோல் தூசியும் காற்றில் பரவும். தென்னந்தோப்புகள் மிகுந்த வட்டாரமாதலால் தென்னை நார்த் தூசியும் சேரும். மழைக்காலத்தில் திரையின் ஒளிக்கு வரும் ஈசலின் இறகுகள் விசிறியில் சிக்குவதுண்டு. கடலோரக் காற்றில் உள்ள உப்பு, செதில்களையும் மின்னிணைப்பிகளையும் அரிக்க வல்லது. உப்புப் படிந்த தூசி ஈரத்தை ஈர்ப்பதால் களிம்புபோல் ஒட்டிக்கொள்ளும்; உலர்ந்த தூசியைப்போல் ஊதினால் போகாது.

மின்தடையும் இச்சிக்கலோடு தொடர்புடையது. 2012 ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கசா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னைகளையும் மின்கம்பங்களையும் பெருமளவில் சாய்த்தது. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் இல்லாதபோது மடிக்கணினி மின்கலத்தில் இயங்கும். அப்போது அது திறனைத் தானாகவே குறைத்துக்கொள்வதால் சூடு குறைவாக இருக்கும்; விளையாட்டும் மெதுவாக ஓடும். மின்சாரம் மீண்டதும் சில்லு முழுத்திறனில் இயங்குகையில் மின்கலமும் மின்னேற்றம் பெறத் தொடங்குகின்றது. ஆகவே மின்சாரம் வந்த சிறிது நேரத்தில் கணினி அணைந்தால் அது மின்னழுத்தக் கோளாறு என்று மட்டும் கொள்ளலாகாது.

### அரசு வழங்கிய மடிக்கணினிகள்

தமிழ்நாட்டில் மடிக்கணினி ஊரகக் குடும்பங்களை எட்டியதில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. முதலமைச்சர் செ. செயலலிதா இதனை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளின் மாணவர்களுக்குப் பல இலட்சம் கணினிகள் வழங்கப்பட்டன. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் கொள்முதலை மேற்கொண்டது. தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோசுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாசு லினக்சு இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கைக்கணினிகள் அல்லது மடிக்கணினிகள் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

இத்தகைய கணினிகள் பாடப் பயன்பாட்டை முன்னிட்டு அமைந்தவை. கனமான முப்பரிமாண விளையாட்டுகளுக்காக அமைந்தவை அல்ல. பல வீடுகளில் இதுவே ஒரே கணினி ஆதலால், விளையாட்டின்போது ஏற்படும் பழுது மாணவரின் படிப்பையும் பாதிக்கின்றது. கைபேசி விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் மென்பொருட்கள், விளையாட்டோடு சேர்த்து மற்றொரு இயங்குதளத்தையும் தாங்க வேண்டியிருப்பதால் மையச் செயற்பகுதிக்குக் கூடுதல் சுமையாகின்றன.

## அறிகுறிகள்

செயலிழப்புகள் அனைத்துக்கும் வெப்பமே காரணம் அன்று. செயலிழக்கும் விதத்தைக் கவனித்தால் காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம்.

| அறிகுறி | ஏற்படக்கூடிய காரணம் |
|---|---|
| விளையாட்டு தொடங்கிச் சில நிமிடங்களில் வேகம் குறைந்து, பின் சீராகத் தொடர்தல் | வெப்பத்தால் வேகக் குறைப்பு |
| எவ்வித அறிவிப்புமின்றி முழுவதும் அணைதல்; அரை மணி நேரம் ஆறியபின் இயங்குதல் | வெப்ப நிறுத்தம் |
| சூடேறுமுன்பே அணைதல். மின்கம்பியை அசைத்தால் அணைதல் | மின்னேற்றி, மின்கலம் அல்லது இணைப்பி |
| நீலத்திரை தோன்றி மறுதொடக்கம் ஆதல் | நினைவகம், இயக்கி மென்பொருள். சிலவேளை வெப்பம் |
| விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ளல். கணினி தொடர்ந்து இயங்குதல் | விளையாட்டின் கோப்புகள், இயக்கி மென்பொருள், நினைவகப் பற்றாக்குறை |
| திரையில் கோடுகளும் கட்டங்களும் தோன்றி உறைதல் | வரைகலைச் செயற்பகுதி அல்லது அதன் நினைவகம் |
| விசிறியில் கரகரப்பு. அல்லது ஓசையே இன்மை | விசிறித் தேய்வு அல்லது நிறுத்தம் |

## சிக்கலைக் கண்டறிதல்

பொருட்களை மாற்றுமுன் கீழ்க்காணும் வரிசையில் சோதிப்பது செலவைக் குறைக்கும்.

நேரத்தைக் குறித்தல். விளையாட்டு தொடங்கி எத்தனை நிமிடங்களில் செயலிழக்கின்றது எனக் குறித்து, அதிகாலையிலும் நண்பகலிலும் இதனை ஒப்பிட வேண்டும். அதிகாலையில் நெடுநேரம் தாங்கி நண்பகலில் விரைவில் அணைந்தால் வெப்பமே காரணம் என்பது ஏறக்குறைய உறுதி. நேரம் ஒழுங்கின்றி மாறினால் வேறு காரணங்களை நாட வேண்டும்.

வெப்பநிலையை அளத்தல். உணரிகளின் அளவைக் காட்டும் இலவச மென்பொருட்கள் விண்டோசுக்கு உள்ளன. லினக்சில் எல்எம்-சென்சார்சு என்னும் தொகுப்பு இப்பணியைச் செய்யும். சும்மா இருக்கும்போதும், விளையாட்டின் 20 ஆவது நிமிடத்திலும் அளவைக் குறிக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 70 °செ அளவில் இருந்தால் விசிறியோ பசையோ குறையுடையது, அல்லது பின்னணியில் ஏதேனும் நிரல் ஓடுகின்றது. சுமை ஏற்றிய சில நொடிகளிலேயே எல்லையைத் தொட்டால் பசையை ஐயுறலாம். பல நிமிடங்களில் மெல்ல ஏறினால் தூசியை ஐயுறலாம்.

காற்றைச் சோதித்தல். விளையாட்டின்போது வெளியேறும் துளையருகே கையை வைத்துப் பார்த்தல் எளிய சோதனை ஆகும். காற்று சூடாகவும் விசையாகவும் வந்தால் பாதை சீராக உள்ளது. விசிறியின் இரைச்சல் மிகுதியாக இருந்தும் காற்று சிறிதளவே வந்தால் செதில்கள் அடைத்துள்ளன. காற்று விசையாக வந்தும் குளிர்ச்சியாகவே இருந்து, சில்லு மட்டும் சூடாக இருந்தால், வெப்பம் செதில்களை வந்தடையவில்லை. பசையோ வெப்பக்குழாயோ பழுதுபட்டுள்ளது.

பகுதிகளைப் பிரித்துச் சோதித்தல். மையச் செயற்பகுதிக்கு மட்டும் சுமை தரும் மென்பொருளையும், வரைகலைச் செயற்பகுதிக்கு மட்டும் சுமை தரும் மென்பொருளையும் தனித்தனியே இயக்க வேண்டும். நினைவகத்தை மெம்டெசுட்டு86 போன்ற கருவியால் சோதிக்கலாம். மூன்றிலும் தாங்கி விளையாட்டில் மட்டும் அணைந்தால், இரு செயற்பகுதிகளின் கூட்டு வெப்பமோ மின்னேற்றியின் திறன் போதாமையோ காரணமாகலாம். மின்னேற்றி இணைந்திருந்தும் விளையாட்டின்போது மின்கலத்தின் அளவு வேகமாகக் குறைந்தால் மின்னேற்றியின் வாட் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

பதிவேட்டைப் பார்த்தல். விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்னும் பதிவு, கணினி முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியதையே குறிக்கும். அது வெப்பத்தை உறுதி செய்யும் சான்று அன்று. மின்தடையின்போதும் இதே பதிவு தோன்றும்.

## தீர்வுகள்

### செலவில்லாத வழிகள்

* கணினியைக் கட்டில், பாய், தலையணை, மடி ஆகியவற்றின்மேல் வைக்காமல் கடினமான சமதளத்தில் வைத்தல். துணி அடிப்பக்கத் துளைகளை மூடிவிடும்.
* பின்விளிம்பை 2 முதல் 3 சென்டிமீட்டர் உயர்த்துதல். இரு மரத்துண்டுகளே போதும். துளைகள் மறையாதிருக்க வேண்டும்.
* சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தல். இல்லாவிடில் வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்படும்.
* நொடிக்குக் காட்டப்படும் சட்டங்களின் எண்ணிக்கையை 60 அல்லது 45 என வரையறுத்தல். திரை காட்ட இயலாத சட்டங்களை வரைவதில் செலவாகும் ஆற்றல் வீணே வெப்பமாகின்றது. காட்சித் தரத்தில் பெரிய இழப்பின்றிச் சூட்டைக் குறைக்கும் வழிகளில் இதுவே முதன்மையானது.
* நிழல்கள், காட்சித் துல்லியம் ஆகிய அமைப்புகளைக் குறைத்தல்.
* விண்டோசின் மின்திட்ட அமைப்பில் செயற்பகுதியின் உச்ச நிலையை 100% இலிருந்து 99% ஆக மாற்றுதல். இதனால் பல கணினிகளில் மிகுவேக நிலை நிறுத்தப்பட்டு, வெப்பம் குறிப்பிடத்தக்க அளவு குறையும். பல விளையாட்டுகளில் வேக இழப்பு சிறிதளவே இருக்கும்.
* பகல் உச்சியைத் தவிர்த்து அதிகாலையில் அல்லது பின்னிரவில் விளையாடுதல்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் மென்பொருட்கள் முன்னர் பரவலாகப் பயன்பட்டன. 2019 இல் பிளண்டர்வோல்ட்டு என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபின் இன்டெல் கணினிகள் பலவற்றில் இவ்வசதி பயாசு இற்றைப்படுத்தலின் வழி முடக்கப்பட்டது.

### தூசி நீக்கல்

கணினியை அணைத்து, மின்னேற்றியை அகற்றி, அடிமூடியைத் திறந்தபின் முதலில் மின்கல இணைப்பைக் கழற்ற வேண்டும். விசிறியின் இதழ்களை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டே காற்றை ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று அச்சு தேயலாம். மூடியைத் திறக்காமல் வெளித்துளை வழியே ஊதுவது தற்காலிகமாகவே பயன்படும். விசிறிக்கும் செதில்களுக்கும் இடையே கம்பளம்போல் படிந்த தூசிப்படலத்தை விசிறியைக் கழற்றியே எடுக்க இயலும். அறுவடைத் தூசி மிகுந்த இடங்களில் மாசிக்குப் பின், கோடை தொடங்குமுன், ஆண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்தல் நன்று.

வீட்டுத் தூசியுறிஞ்சியின் முனையில் நிலைமின்னேற்றம் உண்டாகித் தாய்ப்பலகையைப் பழுதாக்கக்கூடும். ஈரத்துணியையும் பயன்படுத்தலாகாது. உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்குமுன் தயாரிப்பாளரின் விதிகளைப் பார்க்க வேண்டும்.

### வெப்பப் பசை மாற்றம்

சில ஆண்டுகளில் பசை உலர்ந்து பொடியாவது இயல்பு. பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்த்த மென்துணியால் முழுவதும் துடைத்து, புதிய பசையைச் சிறிதளவே இட வேண்டும். பசையின் பணி இடைவெளியை நிரப்புவது மட்டுமே. தடித்துப் பூசினால் அதுவே தடையாகும். வெப்பத் தகட்டின் திருகுகளை, அவற்றருகே பொறிக்கப்பட்ட எண்களின் வரிசைப்படி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வரைகலை நினைவகத்தின்மேல் உள்ள மென்பட்டைகளை அகற்றிவிட்டுப் பசையை மட்டும் இடுவது தவறு. அங்கு இடைவெளி அகலமானது, பசையால் நிரம்பாது.

### விசிறி மாற்றம்

கரகரக்கும் விசிறிக்கு எண்ணெய் இடுவது சில வாரங்களே பயன்தரும். அதே மாதிரி எண்ணுடைய விசிறியை மாற்றுவதே நிலையான தீர்வு. கணினியின் அடியில் வைக்கப்படும் குளிர்விப்புப் பலகை, அதன் காற்று அடிப்பக்கத் துளைகளுக்கு நேராக அமைந்தால் மட்டுமே சில பாகை அளவு உதவும். உள்ளே அடைபட்ட கணினிக்கு அது மாற்று ஆகாது.

## தவிர்க்க வேண்டியவை

* பனிக்கட்டி அல்லது குளிர்நீர்ப் பை வைத்தல். கடலோரப் பகுதியின் ஈரக்காற்றில் குளிர்ந்த பரப்பின்மேல் உடனே நீர் துளிர்க்கும். குளிர்நீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல் கணினியின் உட்புறமும் வியர்க்கும், மின்சுற்று பழுதாகும்.
* நீராவிக் குளிர்விப்பானின் நேர் எதிரே வைத்தல். ஈரமும் உப்பும் சேர்ந்து அரிப்பை விரைவுபடுத்தும்.
* பாதுகாப்பு எல்லைகளை முடக்கும் மென்பொருட்கள். வேகக் குறைப்பை நீக்கினால் விளையாட்டு சிறிது நேரம் வேகமாக ஓடும். சில்லின் ஆயுள் குறையும்.
* அணைந்தவுடன் மீண்டும் மீண்டும் இயக்குதல். விசிறி நின்றபின் தேங்கிய சூடு அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.
* வரைகலைச் சில்லைச் சூடேற்றி மீட்டல். வெப்பக்காற்றால் சில்லைச் சூடாக்கினால் அறுந்த இணைப்புகள் தற்காலிகமாக ஒட்டக்கூடும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழுது திரும்பும். இதற்கு முழுப் பழுதுபார்ப்புக் கட்டணம் செலுத்துமுன் பயனர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

## மின்கலமும் வெப்பமும்

இலித்தியம் அயனி மின்கலங்கள் பொதுவாக 45 °செ வரையே மின்னேற்றம் பெற ஏற்றவை. நிறைந்த மின்னேற்றமும் மிகுந்த வெப்பமும் ஒருங்கே நீடித்தால் அவை விரைவில் கொள்ளளவை இழக்கும். மின்னேற்றியை இணைத்தபடியே நாள்தோறும் விளையாடுவோர், கணினியில் வசதி இருப்பின் மின்னேற்ற எல்லையை 80% அளவில் நிறுத்துதல் பயனளிக்கும்.

தொடுபலகை மேலெழுதல், அடிமூடி பிதுங்குதல், கணினி சமதளத்தில் ஆடுதல் ஆகியன மின்கலம் உப்பியதன் அடையாளங்கள். இந்நிலையில் மற்ற சோதனைகளை எல்லாம் நிறுத்தி, மின்னேற்றியைக் கழற்றி, கணினியைப் பயன்படுத்தாது தேர்ந்த பணியாளரிடம் சேர்க்க வேண்டும். உப்பிய மின்கலத்தைக் குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

## குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

* 2003: குறைந்த வெப்பத்தை நோக்கமாகக் கொண்டு மடிக்கணினிகளுக்கெனத் தனியே வடிவமைக்கப்பட்ட பென்டியம் எம் செயற்பகுதியை இன்டெல் வெளியிட்டது.
* 2006: சோனி நிறுவனம் தயாரித்த மின்கலங்கள் மிகையாகச் சூடாகித் தீப்பற்றக்கூடும் என்பதால், ஆகத்து மாதம் டெல் நிறுவனம் 41 இலட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆப்பிள் நிறுவனமும் அதே மாதம் 18 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது.
* 2008: மடிக்கணினிகளுக்கான வரைகலைச் சில்லுகள் சிலவற்றின் பொதிவுப் பொருளில் குறை இருந்ததை ஒட்டி, அவற்றின் பழுதுச் செலவுக்காக 15 முதல் 20 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்குவதாக என்விடியா நிறுவனம் சூலை மாதம் அறிவித்தது. மீண்டும் மீண்டும் சூடாகி ஆறுவதால் சில்லின் இணைப்புகள் தளர்வதைப் பரவலாக உணர்த்திய நிகழ்வு இது.
* 2020: ஆப்பிள் நிறுவனம் தனது எம்1 சில்லுடன் விசிறி இல்லாத மேக்புக் ஏர் மடிக்கணினியை வெளியிட்டது. நெடுநேரச் சுமையின்போது அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

## இவற்றையும் பார்க்கவும்

* மையச் செயற்பகுதி
* வெப்பக்குழாய்
* இலித்தியம் அயனி மின்கலம்
* விலையில்லா மடிக்கணினித் திட்டம்
* பட்டுக்கோட்டை